தகாத வார்த்தை

என் அண்ணி வாயிலிருந்து கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம். நானெல்லாம் மிக்ஸி ஓடாவிட்டால் மிக்ஸியின் பரம்பரையையே இழுத்துவிடுவேன். திருமழிசை எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் டிஸ்பேட்ச் பார்க்கிறேன். காலையிலிருந்து லாரிக்காரர்களோடு மாரடிக்கிற வேலை. பொம்பளை என்று வாயைச் சுத்தமாக வைத்திருந்தால் சரக்கு கேட்டைத் தாண்டாது. அண்ணி அப்படி இல்லை. கோவில்பதாகையில் பிறந்து வளர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள், என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். கோபம் தலைக்கேறினால் ‘கழுதை’ என்பாள். சொல்லிவிட்டு அதற்கும் கொஞ்ச நேரம் வருத்தப்படுவாள்.

அண்ணன் பூந்தமல்லிக்கும் வேலப்பன்சாவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அண்ணிக்கு வேலப்பன்சாவடி பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் ஒழித்துப் போட்டுவிட்டு, அண்ணன் ஆட்டோவில் ஏறி பூந்தமல்லி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வருவாள். புருஷன் வண்டிதானே என்று கால் நீட்டி உட்காருகிற ஜாதி இல்லை. ஆள் ஏற ஏற ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போய், கடைசியில் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டு வருவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள். நான் அங்கே இல்லை. வண்டியில் வந்தவர்கள் சொன்னதையும் ஸ்டாண்டு ஆட்கள் சொன்னதையும் ஒட்டவைத்துத்தான் சொல்கிறேன். மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்து ரோடு பாதியாகிப்போன இடம். ஒரு பெரியவர் முட்டி வலியோடு, ஒரு காலைக் கீழே வைத்து, அடுத்த காலை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் காலேஜ் பஸ்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அப்போதுதான் அந்த சப் இன்ஸ்பெக்டர் வந்து, வண்டியை எடுடா என்று லத்தியால் கூரையில் ஒரு போடு போட்டார்.

“பெரியவரு எறங்கிகினு கீறாரு சார், தோ எடுத்துர்றேன்” என்றானாம் அண்ணன். அவன் பேசியது அவ்வளவுதான். எஸ்.ஐ. காலரைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டு, எங்கள் அம்மாவிலிருந்து ஆரம்பித்தார். அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, அவளுக்கு இது தேவையா. வண்டிக்குள் இருந்த ஒருத்தர் நல்லது செய்வதாக நினைத்து, “சார், உள்ள அவரு சம்சாரம் கீறாங்க சார்” என்று சொல்லியிருக்கிறார். பொம்பளை இருப்பது தெரிந்தால் வாயை அடக்குவார் என்பது அவர் கணக்கு. எஸ்.ஐ. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அண்ணியைப் பற்றி மூன்று வார்த்தைகள் சொன்னார். ரோட்டில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

அண்ணனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சாயங்காலம் விட்டார்கள், ஒரு கேஸையும் தலையில் கட்டி. அந்தக் காகிதத்தை நான்தான் வாங்கிப் படித்தேன். ‘பொது இடத்தில் தகாத வார்த்தைகளால் திட்டி, அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தார்’ என்று இருந்தது. திட்டினவர் புகார் கொடுத்திருக்கிறார், திட்டு வாங்கினவன் மேல் கேஸ். இந்தக் கேஸ் உறுதியாகிவிட்டால் ஆட்டோ ஓட்ட அண்ணனுக்குக் கொடுத்திருக்கிற பேட்ஜ் போய்விடும். பேட்ஜ் போனால் ஆட்டோ இல்லை. ஆட்டோவை விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

ஆனால் பேட்ஜ் போவதற்கு முன்னாலேயே அவன் வண்டியைத் தொடுவதை நிறுத்திவிட்டான். வாசலில் தார்ப்பாய் போட்டு மூடினான். அண்ணி முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டான். அவள் சோறு வைத்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், டீ கொடுத்தால் டம்ளரைப் பார்த்து வாங்குவான். பெண்டாட்டியை நடுரோட்டில் ஒருவன் அப்படிச் சொல்லும்போது கும்பிட்ட கையோடு நின்றோமே என்பதுதான் அவனை அரித்தது. அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா.

மேலே மனு கொடுப்பது என்று முடிவு செய்தது அண்ணிதான். அண்ணன் வேண்டாம் என்றான். “போலீஸ் மேலயே மனுவா? இருக்கிற பேஜாரு போதாதா?” என்றான், சுவரைப் பார்த்து. அண்ணி என்னிடம் திரும்பி, “நீ எழுது பாப்பா” என்றாள். வீட்டில் என்னை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

எழுத உட்கார்ந்தபோது ஆட்டோ ஸ்டாண்டு செயலாளரும் வந்திருந்தார். பூந்தமல்லிக்காரர், பழைய மனிதர், எல்லோருக்கும் அவர் பாய். நடந்ததை லேப்டாப்பில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, எஸ்.ஐ. அண்ணியைத் திட்டின இடத்தில் என் விரல் நின்றது.

“இன்னா சொன்னான் அண்ணி?”

“அசிங்கமா சொன்னான் பாப்பா.”

“அசிங்கமான்னா இன்னா?”

அவள் தரையைப் பார்த்தாள். பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பச்சையா எழுத வாணாம்மா. பொம்பள பேரு வர்ற பேப்பரு. தகாத வார்த்தைன்னு போட்டுடு. எல்லா மனுவுலயும் அப்டித்தான் போடுவாங்க, அதான் மொறை” என்றார். சரியாகத்தான் பட்டது. நாங்களெல்லாம் மானம் மரியாதைக்குப் பயந்தவர்கள். ‘தகாத வார்த்தைகளால் திட்டினார்’ என்று நானே தட்டச்சு செய்தேன். ஒரு பிழைகூட இல்லாமல் அழகாக வந்தது.

மனு போய்ச் சேர்ந்து, விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஆவடி பக்கம் ஒரு அலுவலகம். வேறு இடத்திலிருந்து ஒரு உயர் அதிகாரி விசாரிக்கிறார் என்றார்கள். நான் லீவு போட்டேன். அண்ணன் ஆட்டோவை எடுக்காததால் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். சீட்டு கிடைத்தும் அண்ணன் உட்காரவில்லை, வழி பூராவும் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே வந்தான்.

அறைக்குள் அதிகாரி, வாக்குமூலம் எழுத ஒரு ரைட்டர், சுவரோரமாக நிற்கிற இரண்டு காவலர்கள். எதிரே நாற்காலியில் அந்த எஸ்.ஐ. நான் அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். மொட்டை வெயிலில் வேலை செய்கிற எந்த மனிதரையும் போல, களைத்துப்போன சாதாரண முகம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கொடூரமாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு காகிதங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கள் பக்கமாகத் திருப்பினார்.

“இது அவர் கொடுத்த புகார். இது நீங்க கொடுத்த மனு. படிங்க” என்றார்.

தகாத வார்த்தைகளால் திட்டினார். தகாத வார்த்தைகளால் திட்டினார். ஒரு எழுத்து மாறவில்லை. எங்கள் மனுவையும் அவர்களே எழுதிக் கொடுத்ததுபோல இருந்தது.

“அவரும் அதையே சொல்றார், நீங்களும் அதையே சொல்றீங்க. நான் எதை வச்சு யார் திட்டினாங்கன்னு முடிவு பண்றது?” என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

யாரோ ஒரு காலேஜ் பையன் போனில் எடுத்த வீடியோ எங்களிடம் இருந்தது. அதைப் போட்டுக் காட்டினேன். அண்ணன் கும்பிட்டபடி நிற்கிறான், எஸ்.ஐ.யின் வாய் அசைகிறது. சத்தம் முழுக்க பஸ் ஹாரன். ‘வாய் அசைஞ்சா திட்டினதா ஆயிடுமா, வண்டியை எடுக்கச் சொன்னேன்’ என்று எஸ்.ஐ. சொன்னார். அதிகாரி போனைத் திருப்பிக் கொடுத்தார். கேஸ் உறுதியாகப்போகிறது, பேட்ஜ் போகப்போகிறது என்று அப்போது நான் நிச்சயமாக நினைத்தேன்.

“என்னம்மா வார்த்தை சொன்னார்? சொல்லச் சங்கடமா இருந்தா எழுதிக் கொடுங்க” என்று அதிகாரி அண்ணியிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

நான் முந்திக்கொண்டு, “நான் சொல்றேன் சார்” என்றேன். என்னத்தைச் சொல்வேன்? எனக்கே தெரியாது. வாய் நீளம் இருந்தால் போதுமா, காது அங்கே இருந்திருக்க வேண்டாமா.

அண்ணி அந்தத் தாளை வாங்கவில்லை. எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சமையல்கட்டில் பெரிய அண்டாவைத் தூக்குவதற்கு முன்னால் செருகுவாளே, அதே மாதிரி.

“எழுதத் தேவல சார். ரோட்ல சொன்னது, வாயாலயே சொல்றேன்” என்றாள்.

சொன்னாள். மூன்றையும் சொன்னாள். குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. மளிகைக் கடையில் சாமான் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாக, விட்டு விட்டுச் சொன்னாள். ரைட்டரின் பேனா நின்றுபோனது. சுவரோரமாக நின்ற காவலர்களில் ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அந்த மூன்று வார்த்தைகளையும் தினமும் புழங்குகிறவள். எனக்கே காது சிவந்துபோனது. இங்கே அவற்றை எழுதலாம் என்று இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்தேன். கை வரவில்லை.

“எழுதுங்க” என்றார் அதிகாரி, ரைட்டரைப் பார்க்காமல்.

ரைட்டருக்கு எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. “மறுபடி சொல்லும்மா” என்றார், காகிதத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு. அண்ணி மறுபடி சொன்னாள். அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னாள். மூன்றாவதில் அவர் தயங்கியபோது, “ஆமா சார், அதான்” என்று எடுத்துக் கொடுத்தாள். பிறகு, “நான் எதையும் சேக்கல. கொறைக்கவும் இல்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். “சரி. இவர் உங்களை என்ன சொல்லித் திட்டினார்?”

“தகாத வார்த்தை சார்.”

“அதான், என்ன வார்த்தை?”

“கெட்ட வார்த்தை சார்.”

“அதுதான்யா கேக்கறேன். என்ன வார்த்தை?”

எஸ்.ஐ. நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். எங்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். முகத்தில் ஒரு பெரிய மனுஷத்தனத்தை வரவழைத்துக்கொண்டு, “லேடீஸ் இருக்காங்க சார். எப்படிச் சொல்றது?” என்றார்.

அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

“அன்னிக்கும் நான் இருந்தேன் சார்.”

நான் அண்ணியைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறோம், இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இவளுக்குப் போய் நான் வாய் கடன் கொடுக்கப் பார்த்தேனே என்று சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. அண்ணன் அவ்வளவு நேரமும் குனிந்தே இருந்தான். அப்போதுதான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கொஞ்சம் பயம்கூட இருந்தது என்று நினைக்கிறேன், கோவிலில் சாமி வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி.

எஸ்.ஐ. அதற்கப்புறம் ஏதோ இரண்டு வார்த்தைகளை அண்ணன் சொன்னதாகச் சொன்னார். அவை எங்கள் பக்கத்தில் யாரும் புழங்காத வார்த்தைகள், வேறு ஜில்லா வார்த்தைகள். அண்ணனுக்கு அதில் ஒன்றுக்கு அர்த்தமே தெரியாது. அதிகாரி அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் மூன்று பேரும் நின்றோம். அண்ணன் அண்ணி பக்கம் திரும்பினான்.

“டீ சாப்டுறியா மே?”

ரோட்டில் எஸ்.ஐ. திட்டின அந்த நாளுக்கப்புறம் அவன் அவளிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“டீயெல்லாம் பத்தாது. பசிக்குது. பரோட்டா துன்னலாம்” என்றாள் அண்ணி.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் தார்ப்பாய் மடித்து வைத்திருந்தது, ஆட்டோ இல்லை. விஷயம் அதற்குள் ஸ்டாண்டுக்குப் போய்விட்டிருந்தது. அன்று மத்தியானம் அண்ணி வண்டியில் ஏறியதும் பாய் வந்து, ஏற்கெனவே நடுவில் வசதியாக உட்கார்ந்திருந்த ஒருத்தரை நகரச் சொல்லி அவளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தாராம். “வாணாம் பாய், ஆளு ஏறுவாங்க” என்று அவள் பழையபடி ஓரத்துக்கே நகர்ந்துகொண்டாளாம்.

அண்ணன் மேலிருந்த கேஸைக் கைவிட்டார்கள். பேட்ஜ் தப்பியது. அந்தத் தகவலோடு எங்கள் மனுவுக்கும் ஒரு பதில் வந்தது: ‘சம்பந்தப்பட்ட அலுவலர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது.’ நான் குதிக்காத குறை. பக்கத்து வீட்டுக்கெல்லாம் சாக்லேட் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். அண்ணி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் படித்தாள்.

“உரிய நடவடிக்கைன்னா இன்னா பாப்பா?”

“அதான் அண்ணி, ஆக்ஷன் எடுத்துட்டாங்க.”

“இன்னா ஆக்ஷனு? எழுதலியே.” காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். “இதுவும் தகாத வார்த்த மாரிதான் கீது. உள்ள இன்னா கீதுன்னு தெரில.”

சாக்லேட் வாங்க எடுத்த பையை நான் ஆணியில் திரும்ப மாட்டினேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் போட்டோம். என்ன நடவடிக்கை, அதைப் புரிகிற தமிழில் எழுதுங்கள் என்று. அண்ணன் இந்தத் தடவை ஒன்றும் தடுக்கவில்லை, போஸ்ட் ஆபீஸுக்கு அவனே கொண்டுபோனான். பதில் வந்தது. அந்த அலுவலர் மீதான நடவடிக்கை அவருடைய தனிப்பட்ட தகவல் என்பதால் தெரிவிக்க இயலாது என்றார்கள்.

அண்ணி அதைப் படித்து மடித்து வைத்தாள். காய் நறுக்கினாள், குழம்பு கூட்டினாள், கொதி வந்ததும் இறக்கினாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

“என்னைச் சொன்னத நடுரோட்ல சொன்னான். ஊரே கேட்டுச்சு. அவனுக்கு இன்னா தண்டனைன்றது மட்டும் அவன் சொந்த விஷயமா?”

மெத்தப் படித்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்கலாம். மேல்முறையீடு செய்யலாம் என்று மட்டும் சொன்னேன், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். “நீ வாணாம்” என்றாள் அண்ணி. “நீ எழுதுனா நல்லாத்தான் எழுதுவே. நானே எழுதுறேன்.”

தரையில் உட்கார்ந்து, முறத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். உருண்டை உருண்டையான எழுத்து, ஸ்கூல் விட்டபின் அதிகம் புழங்காத கை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்ததை முதலிலிருந்து எழுதிக்கொண்டு வந்தாள். நான் ‘தகாத வார்த்தை’ போட்ட இடம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. முதல் வார்த்தையை எழுதினாள், கால்புள்ளி வைத்தாள். இரண்டாவதை எழுத ஆரம்பித்துப் பாதியில் பேனாவைத் தூக்கினாள்.

“பாப்பா, இதுக்கு சின்ன ர-வா, பெரிய ற-வா?”

நான் யோசித்தேன். எத்தனை லாரி டிரைவர்களிடம் இந்த வார்த்தையை வீசியிருக்கிறேன். ஒருநாளும் எழுதிப் பார்த்ததில்லை. யாரும் எழுதி எங்கேயும் கண்டதுமில்லை. எல்லோர் வாயிலும் இருக்கிறது, எந்தக் காகிதத்திலும் இல்லை. “தெரிலயே அண்ணி” என்றேன்.

வாசலில் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு இது கேட்டிருக்கிறது. ஈரத்துணியோடு வாசற்படி வரைக்கும் வந்தான். அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

“பெரிய ற” என்றான்.

அண்ணி எழுதினாள்.